பின்னத்தின் கீழே இருப்பவர்கள்

நாள்பட்ட நோய்களுக்கான பராமரிப்புத் திட்டங்களின் பலனை அளந்து அறிக்கை எழுதுவது பல ஆண்டுகளாக என் பணி. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதயச் செயலிழப்பு என்று நோய்கள் மாறினாலும் என் மேசைக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: இந்தத் திட்டத்தில் சேர்ந்ததால் நோயாளிகளுக்கு நன்மை விளைந்ததா? அந்தக் கேள்விக்கு நான் முதன்முதலில் எழுதிய பதில் தவறானது. கணக்கில் பிழை ஏதும் இல்லை. கூட்டலும் வகுத்தலும் சரியாகவே இருந்தன. ஆனால் எவரைக் கணக்கில் எடுத்தேன் என்பதில் பிழை இருந்தது.

அந்த முதலாண்டு அறிக்கையை வாசித்த கூட்டம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. நீரிழிவுத் திட்டத்தில் சேர்ந்தபோது இருந்த எச்பிஏ1சி (சில மாதங்களின் இரத்தச் சர்க்கரை நிலையைக் காட்டும் அளவு) சராசரியையும், ஓராண்டுக்குப் பிறகு இருந்த சராசரியையும் அருகருகே வைத்து, இரண்டுக்கும் இடையே கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி வரைந்திருந்தேன். அறையில் இருந்த அனைவருக்கும் மகிழ்ச்சி. பதிவேட்டைப் பராமரித்துவந்த மூத்த செவிலியர் மட்டும் அட்டவணையின் அடியில் சிறிய எழுத்தில் இருந்த எண்ணிக்கைகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “தொடக்கத்தில் இருந்தவர்களைவிடக் கடைசியில் இருப்பவர்கள் மிகவும் குறைவாக இருக்கிறார்களே, மீதிப் பேர் எங்கே, டாக்டர்?” என்று கேட்டார். “அவர்களுடைய தரவு கிடைக்கவில்லை, சிஸ்டர்” என்றேன். “தரவு கிடைக்கவில்லையா, ஆளே கிடைக்கவில்லையா?” என்றார் அவர்.

அந்தக் கேள்வியின் கனத்தை விளக்க ஒரு கற்பனைக் கணக்கைச் சொல்கிறேன். ஒரு திட்டத்தில் 400 பேர் பதிவு செய்கிறார்கள். ஆண்டு முடிவில் 240 பேருக்குத்தான் பரிசோதனை நடக்கிறது. அவர்களில் 144 பேருக்கு எச்பிஏ1சி, இலக்கான 7 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கிறது. 144ஐ 240ஆல் வகுத்தால் 60 விழுக்காடு. அதே 144ஐ 400ஆல் வகுத்தால் 36 விழுக்காடு. பின்னத்தின் மேலே இருக்கும் தொகுதி மாறவே இல்லை. கீழே இருக்கும் பகுதியில் யாரை நிறுத்துகிறோம் என்பது மட்டுமே மாறியிருக்கிறது. வராத 160 பேரில் ஒருவர்கூட இலக்கை எட்டவில்லை என்று கொண்டால் உண்மை விழுக்காடு 36. அனைவருமே எட்டிவிட்டார்கள் என்று கொண்டால் 76. ஆகவே நமக்கு நேர்மையாகத் தெரிந்த ஒரே செய்தி, உண்மை 36க்கும் 76க்கும் இடையே எங்கோ இருக்கிறது என்பதுதான். அறிக்கையின் முகப்பில் 60 என்ற ஒற்றை எண்ணை அச்சிடும்போது, இவ்வளவு பெரிய அறியாமையை மறைத்துவிடுகிறோம்.

வராதவர்கள் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர் என்பதால் இது வெறும் எண் விளையாட்டாக நின்றுவிடுவதில்லை. சிலர் உடல்நலம் தேறி, இனிமேல் வரத் தேவையில்லை என்று எண்ணிக்கொண்டவர்கள். சிலர் வேறு மருத்துவரிடம் போய்விட்டவர்கள், சிலர் வீடு மாறியவர்கள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வர முடியாதவர்கள் இருக்கிறார்கள். போன முறை சர்க்கரை கூடியிருந்ததற்காகக் கடிந்துகொள்ளப்பட்டதால், அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு மீண்டும் வந்து நிற்கக் கூசியவர்களும் இருக்கிறார்கள். காலில் புண் வந்து நடக்க முடியாமல் போனவர்களும், இறந்துபோனவர்களும் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறார்கள். நோய் மிகவும் கட்டுப்பாடற்று இருப்பவர்களே அதிகமாக விலகிப்போவார்கள் என்பதே என் அனுபவம். அதனால் மீந்தவர்களின் சராசரி எப்போதும் திட்டத்திற்குச் சாதகமாகவே சாய்கிறது.

இதே பிழை இன்னொரு வேடத்திலும் வரும். மேலே சொன்ன 400 பேரின் தொடக்கச் சராசரி 9.0 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவு வரை நீடித்த 240 பேரை மட்டும் பிரித்துப் பார்த்தால், அவர்களுடைய தொடக்கச் சராசரியே 8.4தான், விலகிய 160 பேருடையது 9.9. முடிவில் 240 பேரின் சராசரி 8.2 என்றால், 9.0லிருந்து 8.2க்கு இறங்கியதாக அறிக்கை சொல்லும். உண்மையில் அந்த 240 பேருக்கு இறங்கியது 0.2 மட்டுமே. மீதி 0.6, சர்க்கரை கூடியவர்கள் கதவைத் திறந்து வெளியே போனதால் வந்த இறக்கம். என் முதல் அறிக்கையின் அம்புக்குறியில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான் என்று பின்னர் கண்டேன்.

அந்த அளவோடு பிழை தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. எல்லாரும் தவறாமல் வந்திருந்தாலும், முன்னும் பின்னும் அளந்து ஒப்பிடும் முறைக்குள்ளேயே இன்னொரு மயக்கம் ஒளிந்திருக்கிறது. நீண்டகால நோய்கள் ஏறி இறங்கும் இயல்புடையவை. ஒரே ஆளின் மேல் இரத்த அழுத்தம் ஒரு வருகைக்கும் அடுத்த வருகைக்கும் இடையே 10 மி.மீ.க்கு மேல் மாறுவது சாதாரணம். ஆஸ்துமா சில மாதங்கள் மூர்க்கமாகி, சில மாதங்கள் அடங்கும். மனிதர்கள் திட்டத்தில் சேர்க்கப்படுவது எந்த நேரத்தில் என்று யோசித்துப் பாருங்கள்: அளவு உச்சத்தில் இருக்கும்போது, மருத்துவமனையிலிருந்து அப்போதுதான் வீடு திரும்பியிருக்கும்போது, மூச்சுத்திணறல் தாங்க முடியாமல் போனபோது. உச்சத்தில் பிடித்து அளந்த எதுவும், அடுத்த முறை அளக்கும்போது பெரும்பாலும் கீழேதான் இருக்கும். பிரான்சிஸ் கால்டன் 1886இல் பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை ஆராய்ந்தபோது விளக்கிய ‘சராசரியை நோக்கித் திரும்புதல்’ என்ற இந்தப் பண்புக்கு மருந்தும் தேவையில்லை, செவிலியரின் அறிவுரையும் தேவையில்லை.

இதன் வலிமையை எனக்கு ஐயமறக் காட்டியது அமெரிக்காவின் கேம்டன் நகரில் நடந்த ஆய்வு. அடிக்கடி மருத்துவமனையில் சேரும், பல நோய்களும் சமூகச் சிக்கல்களும் ஒருசேரக் கொண்ட நோயாளிகளைக் கண்டறிந்து, வீட்டிற்கே சென்று கவனித்து, மருத்துவர் சந்திப்புகளுக்கும் சமூக உதவிகளுக்கும் வழிசெய்த அந்தத் திட்டம் பெரும் புகழ் பெற்றிருந்தது. அதை நடத்தியவர்கள், தங்கள் திட்டத்தைக் குலுக்கல் முறை ஆய்வுக்கு உட்படுத்தத் தாங்களே முன்வந்தார்கள். அந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன். 800 நோயாளிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முடிவு 2020இல் வெளிவந்தது. 180 நாட்களுக்குள் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் திட்டக் குழுவில் 62.3 விழுக்காடு, வழக்கமான கவனிப்பு பெற்ற குழுவில் 61.7 விழுக்காடு. வேறுபாடு இல்லையென்றே சொல்ல வேண்டும். ஆனால் திட்டக் குழுவை மட்டும் எடுத்துக்கொண்டு, சேர்வதற்கு முந்தைய ஆறு மாதங்களையும் பிந்தைய ஆறு மாதங்களையும் ஒப்பிட்டிருந்தால், மருத்துவமனைச் சேர்க்கை 38 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்ததாகத் தோன்றியிருக்கும். ஒப்பீட்டுக் குழுவிலும் அதற்கு இணையான இறக்கம் இருந்தது என்பதைப் பார்த்த பிறகுதான் அந்தத் தோற்றம் கலைந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத எத்தனை அறிக்கைகளில் இத்தகைய 38கள் வெற்றியாக அச்சேறியிருக்கும் என்று எண்ணினால் எனக்கு மனம் கனக்கிறது. அவற்றில் சில நான் எழுதியவை.

அதற்கும் முன்பே, அமெரிக்க மூத்தோர் காப்பீடான மெடிகேர், இதயச் செயலிழப்போ நீரிழிவோ உள்ளவர்களுக்குச் செவிலியர்கள் தொலைபேசி வழியே வழிகாட்டும் திட்டங்களைப் பெரிய அளவில் சோதித்தது. எட்டு நிறுவனங்கள் நடத்திய அந்தச் சோதனையில் 2,42,417 பேர் இரு குழுக்களாக வைக்கப்பட்டனர். 2011இல் வெளியான முடிவின்படி, பரிசோதனைகளை உரிய காலத்தில் செய்தல் போன்ற கவனிப்பு அளவீடுகளில் 40 ஒப்பீடுகளுள் 14இல் மட்டும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கிடைத்தது. மருத்துவமனைச் சேர்க்கையோ அவசரப் பிரிவு வருகையோ குறையவில்லை. இந்த ஆய்வில் எனக்குப் பிடித்த நேர்மை ஒன்று உண்டு. திட்டத்திற்கு ஒதுக்கப்பட்டவர்கள், பங்கேற்க ஒப்புக்கொண்டாலும் இல்லாவிட்டாலும் பின்னத்தின் கீழேயே வைத்து எண்ணப்பட்டார்கள். ஒப்புக்கொண்டு ஆர்வமாகப் பங்கேற்பவர்கள் பெரும்பாலும் முன்பே தங்கள் உடலைக் கவனித்துக்கொள்பவர்கள். அவர்களை மட்டும் பிரித்தெடுத்து எண்ணினால் எந்தத் திட்டமும் வென்றதாகவே தெரியும்.

குலுக்கல் முறை எல்லா இடத்திலும் இயலாது என்ற மறுமொழியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். உண்மைதான். ஆனால் அதற்கும் வெறும் முன்–பின் ஒப்பீட்டிற்கும் இடையே எத்தனையோ படிகள் இருக்கின்றன. எந்தத் திட்டத்தையும் எல்லா மையங்களிலும் ஒரே நாளில் தொடங்க முடிவதில்லை. பணியாளர் பற்றாக்குறையால் எப்படியும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் தொடங்குகிறோம். அந்த வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தால், இன்னும் தொடங்காத மையங்களே ஒப்பீட்டுக் குழுவாகிவிடும். அதுவும் முடியாவிட்டால், தொடங்குவதற்கு முன் ஓராண்டுக்கு மாதம்தோறும் அளந்து வைத்து, கோடு ஏற்கெனவே எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது என்பதையாவது பார்க்கலாம். சேர்க்கும் நாளில் எடுத்த உச்ச அளவைத் தொடக்க அளவாகக் கொள்ளாமல், சேர்த்தபின் தனியாக இரண்டு முறை அளந்து அவற்றின் சராசரியைத் தொடக்கமாகக் கொண்டால்கூட மயக்கத்தின் ஒரு பகுதி விலகும். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. திட்டம் தொடங்குவதற்கு முன்பே அளப்பவரைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும், அவ்வளவே. பெரும்பாலும் எங்களை எல்லாம் முடிந்த பிறகுதான் கூப்பிடுகிறார்கள்.

எதை அளப்பது என்ற கேள்விக்கு வருவோம். அவெடிஸ் டோனபீடியன் 1966இல் மருத்துவத் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என மூன்றாகப் பிரித்துக் காட்டினார். எத்தனை செவிலியர்கள் இருக்கிறார்கள் என்பது அமைப்பு. எத்தனை பேருக்குக் கண் பரிசோதனை நடந்தது என்பது செயல்முறை. எத்தனை பேருக்குப் பார்வை காக்கப்பட்டது என்பது விளைவு. முதல் இரண்டும் எளிதில் எண்ணக்கூடியவை என்பதால் அறிக்கைகள் அவற்றாலேயே நிரம்புகின்றன. மூன்றாவதை எண்ணத் தொடங்கும்போதுதான் காலம் குறுக்கே நிற்கிறது.

பிரிட்டனில் புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட 3,867 பேரை வைத்து நடந்து, 1998இல் முடிவு வெளியான பெரிய ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். தீவிரமாகச் சிகிச்சை பெற்ற குழுவின் எச்பிஏ1சி 7.0, வழக்கமான குழுவினுடையது 7.9. அந்த வேறுபாட்டைப் பத்தாண்டுகள் காத்த பிறகு, கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்குழல் பாதிப்புகள் 25 விழுக்காடு குறைந்தன. மாரடைப்பில் கண்ட இறக்கம் அப்போது புள்ளியியல் உறுதிக்கு ஒரு நூலிழை வெளியே நின்றது. மேலும் பத்தாண்டுகள் பின்தொடர்ந்து 2008இல் அறிக்கை வந்தபோதுதான் அது உறுதியாயிற்று. ஆகவே ஓராண்டுத் திட்டம் ஒன்று ‘மாரடைப்பைக் குறைத்தோம்’ என்று சொன்னால், அதை நான் ஐயத்தோடுதான் படிப்பேன். 500 நோயாளிகள் உள்ள திட்டத்தில் ஆண்டுக்கு 5 பேருக்குப் பக்கவாதம் வரும் என்று எதிர்பார்க்கும் நிலையில், ஓராண்டில் 2 பேருக்கு வருவதும் அடுத்த ஆண்டில் 8 பேருக்கு வருவதும் தற்செயலாகவே நிகழக்கூடியவை. அந்த 2ஐக் கொண்டாடினால், அந்த 8க்கும் பொறுப்பேற்க வேண்டியிருக்கும்.

ஆகையால் உண்மை விளைவுக்குப் பதிலாக நிற்கும் பதிலி அளவீடுகளை நாம் நாடுகிறோம்: எச்பிஏ1சி, இரத்த அழுத்தம், சிறுநீரில் ஆல்புமின். இவை தேவையானவை; இவையின்றி ஓராண்டில் எதையும் சொல்ல முடியாது. இவற்றுள் இரத்த அழுத்தத்தின் மீது எனக்கு நம்பிக்கை அதிகம். 123 ஆய்வுகளைத் திரட்டி 2016இல் வெளியான பகுப்பாய்வில், மேல் அழுத்தம் 10 மி.மீ. குறையும்போது பெரிய இதய, இரத்தக்குழாய் நிகழ்வுகள் ஏறத்தாழ 20 விழுக்காடும் பக்கவாதம் 27 விழுக்காடும் குறைந்தன. பதிலிக்கும் உண்மை விளைவுக்கும் இவ்வளவு நெருக்கம் எல்லா அளவீட்டிற்கும் கிடைப்பதில்லை. சர்க்கரையின் கதை அவ்வளவு நேரானதல்ல. 10,251 பேரைக் கொண்ட அக்கார்டு ஆய்வில், எச்பிஏ1சியை 6 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவரத் தீவிரமாக மருந்து கொடுத்த குழுவில் 257 பேரும், தளர்வான இலக்கு வைத்த குழுவில் 203 பேரும் இறந்தனர். சுமார் மூன்றரை ஆண்டுகளிலேயே, 2008இல், அந்தத் தீவிரச் சிகிச்சை நிறுத்தப்பட்டது. எண் அழகாக இறங்கிக்கொண்டிருந்தது, இறப்பு கூடிக்கொண்டிருந்தது. எச்பிஏ1சியை மட்டுமே அளக்கும் ஒரு திட்டம் அந்த மூன்றரை ஆண்டுகளையும் வெற்றி என்றே எழுதியிருக்கும்.

அதனால் இறங்க வேண்டிய எண்ணோடு, ஏறக் கூடாத எண்ணையும் ஒரே பக்கத்தில் அச்சிட வேண்டும் என்று நான் வலியுறுத்தி வருகிறேன். சர்க்கரைக்குப் பக்கத்தில், பிறர் உதவி தேவைப்பட்ட தாழ்சர்க்கரை நிகழ்வுகள். இரத்த அழுத்தத்திற்குப் பக்கத்தில், தலைசுற்றி விழுந்த முதியவர்களின் எண்ணிக்கை. உடல் நலிந்த முதியவர்களுக்கு 8 விழுக்காட்டு எச்பிஏ1சியே தகுந்த இலக்கு என்று வழிகாட்டு நெறிகளே தளர்த்திச் சொல்லும்போது, அவர்களையும் 7 என்ற ஒரே கோட்டில் நிறுத்தி மதிப்பெண் போடுவது அளப்பவரின் வசதிக்காகவே நடக்கிறது.

கோடு என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். 11.2லிருந்து 8.1க்கு வந்த ஒருவர், 7 என்ற கோட்டை வைத்துப் பார்த்தால் தோல்வி. 7.1லிருந்து 6.9க்கு வந்த இன்னொருவர் வெற்றி. இரண்டாமவரின் அதே இரத்தத்தை அதே கூடத்தில் இருமுறை சோதித்தாலே 0.2 வேறுபடக்கூடும், அவருக்கு எதுவும் நிகழாமலே இருந்திருக்கலாம். முதலாமவரோ தம் கண்ணையும் சிறுநீரகத்தையும் பெரும் ஆபத்திலிருந்து மீட்டிருக்கிறார். பிரிட்டன் ஆய்வின் தரவிலேயே, எச்பிஏ1சி ஒவ்வொரு விழுக்காடு குறைவாக இருக்கும்போதும் நுண்குழல் பாதிப்பு 37 விழுக்காடு குறைவாக இருந்தது என்று 2000இல் காட்டப்பட்டது; மேலே இருப்பவர் ஒரு படி இறங்கும்போது கிடைக்கும் நிகர நன்மையே மிகப் பெரியது. ஆனால் கோட்டை மட்டும் பார்த்து மதிப்பிடும் இடத்தில், பணியாளர்களின் உழைப்பு தானாகவே கோட்டிற்குச் சற்று மேலே நிற்பவர்களிடம் திரும்பிவிடுகிறது. அவர்களைத் தள்ளிவிட ஒரு சிறு முயற்சி போதும், மதிப்பெண் வந்துவிடும். 11இல் இருப்பவர் காத்திருக்க வேண்டியதுதான். யாரும் தீய எண்ணத்தோடு இதைச் செய்வதில்லை. நான் பணிபுரிந்த ஓரிடத்தில் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். அங்கே இலக்குக் கோட்டை வரைந்து கொடுத்தவன் நான்தான். இப்போது ஒரே விழுக்காட்டிற்குப் பதிலாக முழுப் பரவலையும் வரைந்து காட்டுகிறேன்: 7க்குக் கீழ், 7 முதல் 8 வரை, 8 முதல் 9 வரை, 9க்கு மேல், தெரியவில்லை. அந்தக் கடைசிப் பெட்டியை விட்டுவிட்டு நான் எந்தப் படமும் வரைவதில்லை.

அளக்கும் கருவியும் கையும் சரியாக இருக்கின்றனவா என்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரத்த அழுத்தத்தை, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, முதுகுக்கும் கைக்கும் தாங்கல் கொடுத்து, கையை இதயத்தின் மட்டத்தில் வைத்து, கைப்பட்டை சரியான அளவில் இருக்க, பேச்சுக் கொடுக்காமல், ஒன்றுக்கு மேற்பட்ட முறை அளக்க வேண்டும். சேரும் நாளில் படியேறி வந்தவரை நிற்க வைத்தபடியே அளந்துவிட்டு, பயிற்சி பெற்ற செவிலியர் ஓராண்டுக்குப் பின் முறைப்படி அளந்தால், அந்த இறக்கம் முழுவதும் நாற்காலியின் பலன். பதிவேட்டில் கடைசி இலக்கங்களை எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். பாதிக்கு மேல் சுழியத்தில் முடிந்தால் கண்ணால் மதிப்பிட்டு எழுதியிருக்கிறார்கள் என்றும், இலக்குக் கோடு 140 ஆக இருக்கும் இடத்தில் 138 மட்டும் குவிந்து 142 காணாமல் போயிருந்தால் கோடு வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்றும் தெரிந்துகொள்ளலாம். எச்பிஏ1சி ஏறத்தாழ 120 நாள் வாழும் சிவப்பணுக்களில் பதிந்த கணக்கு என்பதால், சிவப்பணுக்களின் ஆயுளை மாற்றும் எதுவும் அந்த எண்ணை மாற்றும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை அதை ஏற்றிக் காட்டும். இரத்தசோகையைச் சரிசெய்தால், சர்க்கரையில் எந்த மாற்றமும் இல்லாமலே எண் இறங்கும்.

இனி, நோயாளியே சொல்ல வேண்டிய விளைவுகள். இவற்றை நான் நெடுங்காலம் இரண்டாம் தரமாகவே மதித்தேன் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நுரையீரல் அடைப்பு நோய்க்கான மறுவாழ்வுப் பயிற்சித் திட்டம் ஒன்றின் தரவைப் பார்த்தபோது, ஊதிக் காட்டும் பரிசோதனையில் ஒரு நொடியில் வெளியேறும் காற்றின் அளவு அசையவே இல்லை. பலனில்லை என்று எழுதத் தொடங்கினேன். அந்தப் பயிற்சி அந்த எண்ணைப் பெரும்பாலும் மாற்றாது. மூச்சுத்திணறலையும் நடக்கும் திறனையும்தான் மாற்றும். பங்கேற்ற முதியவர் ஒருவர், “முன்பெல்லாம் குளித்துவிட்டு வந்தால் கட்டிலில் உட்கார்ந்துதான் சட்டை போடுவேன், இப்போது நின்றுகொண்டே போடுகிறேன்” என்றார். அது பரிசோதனைத் தாளில் எந்தக் கட்டத்திலும் பொருந்தாத விளைவு. அவருக்கோ அதுதான் விளைவு. இப்படிப்பட்டவற்றைப் பிடிக்கக் கருவிகள் இருக்கின்றன. ஆறு நிமிட நடைப் பரிசோதனையில் சுமார் 30 மீட்டர் கூடினால் அது நோயாளி உணரும் மாற்றம். எட்டுக் கேள்விகளைக் கொண்ட, 0 முதல் 40 வரை மதிப்பெண் தரும், நுரையீரல் அடைப்பு நோய்க்கான கேட் வினாநிரலில் 2 புள்ளிகள் குறைந்தால் அதுவும் அப்படியே. மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்வி வினாநிரலில் 5 புள்ளி மாற்றத்தைப் பொருட்படுத்தத்தக்கதாகக் கொள்கிறோம். ‘புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கது’ என்பதற்கும் ‘நோயாளிக்குப் பொருள் தருவது’ என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை இந்த எல்லைகள்தான் காட்டுகின்றன. பல்லாயிரம் பேரை அளந்தால், எவரும் உணராத அரைப் புள்ளி மாற்றமும் குறிப்பிடத்தக்கதாகிவிடும்.

மையங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தரவரிசை போடும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். மிகவும் நலிந்தவர்களை ஏற்றுக்கொள்ளும் மையம் எப்போதும் கடைசியில் நிற்கும். வயது, நோயின் காலம், உடன் இருக்கும் நோய்கள், தொடக்க அளவு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துச் சீராக்கிய பிறகும் அந்த ஒப்பீடு முழுமையாக நியாயமாவதில்லை. வரிசையை வைத்துப் பணம் பிரித்துக் கொடுத்தால், நலிந்தவர்களை வேறிடத்திற்கு அனுப்பிவிடும் ஆசையை நாமே ஊட்டி வளர்க்கிறோம். ஒரு மையத்தை அதன் சென்ற ஆண்டோடு, மாத வாரியான கோட்டில் ஒப்பிடுவதே எனக்கு நிறைவளிக்கிறது.

மீண்டும் அந்தச் செவிலியரிடம் வருகிறேன். அந்தக் கூட்டத்திற்குப் பிறகு அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன், தயக்கத்தோடு ஒப்புக்கொண்டார்கள். வராதவர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு, மாலை நேரங்களில் அவரும் நானும் தொலைபேசியில் ஒவ்வொருவராக அழைத்தோம். பலர் எடுக்கவில்லை. எடுத்தவர்களில் சிலர் திட்டமே நின்றுபோய்விட்டதாக நினைத்திருந்தார்கள். பரிசோதனைக்குக் காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று யாரோ சொன்னதால், காலையில் வேலைக்குப் போகிற ஒருவர் ஓராண்டாக வராமலே இருந்தார். எச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை; எந்த நேரத்திலும் வரலாம் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அடுத்த மாதமே மாலை நேரப் பரிசோதனையைத் தொடங்கினோம். அத்தனை காலம் நான் அளந்துகொண்டிருந்த எந்த எண்ணும் இந்த மாற்றத்தைச் செய்யச் சொல்லவில்லை. அளக்கப்படாதவர்களைத் தேடிப் போனதால்தான் அது தெரிந்தது.

ஓர் அழைப்பை மட்டும் இன்றும் மறக்க முடியவில்லை. செவிலியர் ஓர் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கேட்டார். மறுமுனையில் மகள் பேசினார். அம்மா நான்கு மாதங்களுக்கு முன்பே தவறிவிட்டார் என்றும், இறந்த பிறகும் ‘பரிசோதனைக்கு வாருங்கள்’ என்ற குறுஞ்செய்தி அந்த எண்ணுக்கு மாதம்தோறும் வந்துகொண்டிருக்கிறது என்றும் சொன்னார். குரலில் கோபம் இல்லை. செவிலியர் மன்னிப்புக் கேட்டார், எப்படி இறந்தார் என்று மெதுவாக விசாரித்துக்கொண்டார், பிறகு நெடுநேரம் அந்த மகள் பேசுவதையே கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பதிவேட்டில் அந்த அம்மாவின் பெயருக்கு நேரே ‘பின்தொடர்தல் நிலுவை’ என்று இருந்தது. நான் அனுப்பிய அறிக்கையிலோ அவர் எந்த வரியிலும் இல்லை, என் கற்பனைக் கணக்கில் விலகிய அந்த 160 பேரைப் போலவே, வகுக்கும் எண்ணிலிருந்து சத்தமில்லாமல் கழிக்கப்பட்டிருந்தார்.

இப்போது நான் எழுதும் ஒவ்வோர் அறிக்கையின் முதல் அட்டவணையும் பதிவு செய்த அனைவரிலும் தொடங்குகிறது. எத்தனை பேர் அளக்கப்பட்டார்கள், எத்தனை பேர் வீடு மாறினார்கள், எத்தனை பேர் வேறு மருத்துவரிடம் போனார்கள், எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேரைப் பற்றி எதுவும் தெரியவில்லை என்று வரிசையாக வந்து, எல்லா வரிகளையும் கூட்டினால் முதல் எண்ணே மீண்டும் வர வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை சரியாக வரும்வரை எச்பிஏ1சியின் பக்கத்தை நான் திறப்பதில்லை. அந்தச் செவிலியர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். பட்டியலை எடுத்துக்கொண்டு அழைக்கும் வேலையை, அவரிடம் கற்றுக்கொண்ட இருவர் வாரந்தோறும் ஒரு மாலையில் தொடர்கிறார்கள்.